நாள் தள்ளிப்போனதற்கு இரண்டு மாத்திரை

திருக்கனூர் கடைத்தெருவில் சேதுராமன் மருந்துக்கடையைத் திறந்ததுமே ஆள் கூடிவிடும். டாக்டர் சீட்டெல்லாம் கேட்கமாட்டார். சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே மாத்திரையை எடுத்து நீட்டுவார்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளின் பள்ளிக்கூட வாத்தியார் சாமிநாதன் வந்தார். "ஒங்க பொண்ணு ஓடறப்போ மூச்சு வாங்கி மயங்கிட்டா. சீக்கிரம் வாங்க."

ஆதிலட்சுமிக்குப் பன்னிரண்டு வயது. சின்ன வயதிலிருந்தே சளியும் இளைப்பும்தான். சேதுராமன் டானிக் கொடுத்தே காலத்தை ஓட்டியிருந்தார். அன்றுதான் மனைவி வசந்தாவோடு மகளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இதயத்துக்குள்ள இருக்கிற சுவர்ல ஓட்டை. பிறவியிலேயே வந்தது. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணலாம்." பிறகு வசந்தாவிடம் கேட்டார்: "இவ வயித்துல இருக்கறப்போ ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா..." என்றவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க, நாள் தள்ளிப்போனப்ப, கர்ப்பமா இல்லியான்னு தெரிஞ்சிக்க, முழுங்கித் தூரமானா கர்ப்பம் இல்லன்னு ரெண்டு மாத்திர குடுத்தீங்களே, அதுவா?"

சேதுராமன் குறுக்கிட்டார். "அதனாலதான் இப்படி ஆச்சுங்களாம்மா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. எதுவுமே சாப்பிடாதவங்களுக்கும் இப்படிப் பிறக்குது. சாப்பிட்ட எத்தனையோ பேருக்கு நல்லாவும் பிறந்திருக்கு. ஆனா அந்த மாத்திரை மேல சந்தேகம் இருக்கு. குழந்தைக்கு இதயம் உருவாகிற நேரமே அதுதான். குடுத்திருக்கக் கூடாது."

ஆமாம் என்றிருந்தால் சேதுராமன் அழுதிருப்பார். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகியிருப்பார். இரண்டுமில்லாமல் ஊர் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்தோம்? எந்தெந்த வீட்டில்? ஒரு முகமும் தெளிவாக நினைவுக்கு வரவில்லை.

"நான் முழுங்காம இருந்திருக்கலாம்" என்றாள் வசந்தா.

"நீ இன்னா பண்ணுவ? குடுத்தவன் நான்."

மெட்ராஸில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்துக் கடையைத் திறந்தபோது, சுத்துக்கேணியில் கரும்பு பயிரிடும் பக்கிரி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அண்ணே, வூட்ல நாள் தள்ளிப்போயிருக்கு. அந்த ரெண்டு மாத்திரய குடு."

பழக்கத்தில் சேதுராமனின் கை அலமாரிக்குப் போய்விட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"பக்கிரி, ஒன் மொதப் புள்ள எப்பிடி இருக்கான்?"

"அவனுக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கான். அப்பவும் ஒங்கிட்டதான மாத்திர வாங்கினேன்!"

அப்படியென்றால் நம் மகளுக்கு மட்டும் ஏன்? சேதுராமன் அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இல்லப்பா. அத இனிமே குடுக்கறதில்ல."

"பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேன் போ" என்று பக்கிரி சைக்கிளைத் திருப்பினார். சேதுராமன் கடையை விட்டு இறங்கி ஓடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கயும் வாங்காத! என் பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்ட வந்தது அதாலதானான்னு எனக்குத் தெரியல. டாக்டருக்கும் தெரியல. தெரியாத ஒண்ண புள்ளத்தாச்சிக்குக் குடுக்கக் கூடாதுன்னு மட்டும் இப்பத் தெரியுது. ஒன் பொண்டாட்டி முழுங்கறது அவளுக்கு மட்டும் போறதில்லடா, உள்ள இருக்கற புள்ளைக்கும் போவுது. மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போ."