வியாழக்கிழமை கம்போ

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் மீன் சாப்பாட்டுக் கடை நடத்தும் தளவாயும் ஆவுடைத்தாயும் அமெரிக்காவுக்குப் போனது மகன் பிரவின்ராஜ் விடாமல் வற்புறுத்தியதால்தான். அவனுக்கு அட்லாண்டாவில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு இருவரும் சேர்ந்து போன தூரம் திருச்செந்தூரைத் தாண்டியதில்லை. இந்தத் தடவை பூட்டவில்லை. அடுப்படியில் ஆவுடைத்தாயோடு நின்று பழகிய ஷிஜி, "நான் நோக்கிக்கிடுதேன் அக்கா, தைரியமாப் போய்ட்டு வாங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

விமானம் ஏறும்போதே தளவாய் முடிவுகட்டியிருந்தார். அங்கே சாப்பாடு வாயில் வைக்க விளங்காது. மகன் வீட்டில் முதல் சில நாட்கள் சோறும் ரசமும் கருவாட்டுப் பொரியலுமாகக் கழிந்தன. கருவாடு பொரித்த அன்று பக்கத்து வீட்டார் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பிரவின்ராஜும் மனைவி ரெனியும் லீவு போட்டு, இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள்.

ஜார்ஜியாவைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் ஒரு பெரிய பானையில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. ஆவுடைத்தாய் எட்டிப் பார்த்தாள். தோலோடு உப்புத் தண்ணீரில் வேகிற நிலக்கடலை.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. அவிச்ச கடலை!"

தளவாய் ஒரு கடலையை உடைத்துத் தின்றார். இன்னொன்று தின்றார். வண்டி அடுத்த ஊர் போய்ச் சேருவதற்குள் பை காலி.

"உப்பு கொஞ்சம் கூடுதல்" என்று மட்டும் சொன்னார்.

சார்ல்ஸ்டனில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மகனும் மருமகளும் சுற்றிக்கொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்தார்கள். ரெனி போனில் சொல்லிக்கொடுத்ததை ஆவுடைத்தாய் அப்படியே பரிமாறும் பெண்ணிடம் சொன்னாள். சோளக் குறுணைக் கஞ்சியைக் கெட்டியாகக் கிண்டி, மேலே வெண்ணெயில் வதக்கிய இறால் போட்டு வந்தது. ஆவுடைத்தாய் கரண்டியின் நுனியில் எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, யோசித்து யோசித்துச் சாப்பிட்டாள். தளவாய் தட்டை முடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ இவ்வளவு மெதுவாவா திம்ப?"

"நான் என்னைக்கு உக்காந்து தின்னேன், நீங்க பாக்கதுக்கு?"

அதில் கோபம் எதுவும் இல்லை. கடையில் அவர் முன்னால் கல்லாவில் இருப்பார், அவள் பின்னால் அடுப்பில் இருப்பாள். கூட்டம் ஓய்ந்தபிறகு அவர் சாப்பிடுவார். அவள் நின்றபடியே எதையாவது பிசைந்து வாயில் போட்டுக்கொள்வாள். எதிரெதிரே உட்கார்ந்து, வேறொருவர் பரிமாற, இருவரும் சேர்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தட்டைக் காட்டி இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். பசியால் அல்ல. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவளுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வழிநெடுக அவர்தான் கடை தேடினார். நெருப்பில் வாட்டிய சிப்பி, சோள மாவு தடவிப் பொரித்த கெளுத்தி, எலுமிச்சைப் பணியாரம் மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. "இவன் எண்ணெய் மாத்த மாட்டான் போல." "இவன் கைசுத்தக்காரன்." பிரவின்ராஜ் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

லூசியானாவில் பெருமழை பிடித்தது. நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறிவிட்டதால் போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிட்டது. பேர்கூட வாயில் நுழையாத ஒரு சின்ன ஊரில் அறை எடுத்துத் தங்கினார்கள். தெருமுனையில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கடைதான் திறந்திருந்தது. டெலோரஸ் என்ற கறுப்பினப் பெண்மணி நடத்திய கடை. ஆவுடைத்தாய் வயதுதான் இருக்கும்.

அவள் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்த கரும்பழுப்புக் குழம்பைப் பார்த்ததும் ஆவுடைத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சோறு, அதன்மேல் குழம்பு, குழம்பில் இறாலும் வெண்டைக்காயும். கம்போ என்று பேராம்.

"தீயல் நெறம்! ஆனா வறுத்தரைச்ச தேங்கா வாசம் இல்ல. எதை வறுத்தான்னு கேளுட்டி ரெனி."

ரெனி கேட்டாள். டெலோரஸ் வா என்று கையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குள் போனாள். மைதாவையும் எண்ணெயையும் கனத்த சட்டியில் போட்டுக் கிண்டத் தொடங்கினாள். வெள்ளை மாவு மஞ்சளாகி, செம்பழுப்பாகி, கறுக்கத் தொடங்கியது. ஆவுடைத்தாய்க்கு அந்த இடம் தெரியும். வறுத்த தேங்காய் மணப்பதற்கும் கருகுவதற்கும் நடுவில் உள்ள அந்த ஒரு மூச்சு. "இப்ப!" என்று அவள் தமிழில் சொல்லவும் டெலோரஸ் சட்டியை இறக்கவும் சரியாக இருந்தது. டெலோரஸ் கரண்டியோடு திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள்.

"வெண்டைக்கா வழுவழுப்பு போவணும்னு நாம கெடந்து பாடுபடுதோம். இவ அந்த வழுவழுப்பை வச்சே குழம்பைக் கெட்டியாக்குதா பாரேன்" என்று ஆவுடைத்தாய் ரெனியிடம் ஆச்சரியப்பட்டாள்.

மறுநாளும் மழை விடவில்லை. டெலோரஸின் ஆட்கள் வேலைக்கு வர முடியவில்லை. வெள்ளத்தில் சிக்கிய லாரிக்காரர்களால் கடை நிறைந்துவிட்டது. ஆவுடைத்தாய் யாரையும் கேட்காமல் சேலையைச் சொருகிக்கொண்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். தளவாய் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு போய்க் கிண்ணங்களைக் கையில் அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வைக்கத் தொடங்கினார். ஒரு தாடிக்காரர் ஏதோ கேட்டார். தளவாய்க்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவந்து வைத்தார். அதுதான் வேண்டியிருந்தது போலும், தாடிக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

மழை விட்டுக் கிளம்பும்போது டெலோரஸ் ஆவுடைத்தாயைக் கட்டிப்பிடித்து விடை கொடுத்தாள், ரெனியிடம் தன் போன் நம்பரும் கொடுத்தாள்.

ஊர் திரும்பிய வாரமே ஆவுடைத்தாய் சொல்லிவிட்டாள், "வியாழக்கிழமை கம்போ வைக்கப் போறேன்."

"கடைப் பேரு கெட்டுரும்ட்டி. இங்க வாறவன் மீன்குழம்புக்கு வாறான்."

"மீன்குழம்பும் இருக்கும். இதுவும் இருக்கும். நீங்க அங்க எத்தனை கிண்ணம் குடிச்சீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லவா?"

தளவாய் சந்தைப் பையை எடுத்துக்கொண்டு வெண்டைக்காய் வாங்கக் கிளம்பினார்.

முதல் வியாழன் சரியாக வரவில்லை. இலையில் ஊற்றியதை ஆட்கள் ஓரத்தில் ஒதுக்கினார்கள். தினமும் வரும் விஜய்குமார் ரயில்வே ஆபீஸில் கிளார்க். அவரிடம் ஆவுடைத்தாய் நேராகப் போய் நின்றாள்.

"என்ன கொறை? முகத்துக்கு நேரா சொல்லுங்க."

"சங்கதி கொள்ளாம் அக்கா. மணம் நல்லாருக்கு. பக்ஷே புளிப்பு இல்ல. சோத்தோட சேர மாட்டேங்குது, அதல்லே?"

அவளுக்கு முகம் சுண்டவில்லை. அவர் சொன்னது சரி என்று பட்டது. புளியைக் கரைத்து ஊற்றினால் தீயலாகிவிடும், அதற்கு எதற்கு அமெரிக்கா? ஒருநாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் சாலைச் சந்தையில் பச்சை மாங்காய் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. விழிஞ்ஞத்து இறாலோடு மாங்காயைக் கீறிப் போட்டு, மாவை அதே கரும்பழுப்புக்கு வறுத்துக் கொதிக்க விட்டாள். ஷிஜி ருசி பார்த்துவிட்டு, தனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மறைத்து வைத்துக்கொண்டாள்.

ரெனி அட்லாண்டாவிலிருந்து வீடியோ காலில் டெலோரஸையும் சேர்த்துக் கூப்பிட்டாள். மாங்காய் என்றதும் அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சட்டியை உற்றுப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுதா?"

"அவங்களுக்கு ஏன் இது தோணலைன்னு அவங்கமேலேயே கோபமா இருக்காங்களாம் அம்மா."

இரண்டாவது வியாழன் மதியத்துக்குள் சட்டியை வழித்தாயிற்று. விஜய்குமார் ஆபீஸிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்புறம் டெக்னோபார்க்கிலிருந்துகூடப் பிள்ளைகள் பைக்கில் வந்தார்கள். "சேச்சி, அமேரிக்கன் தீயல் உண்டோ?" என்று கேட்பவர்களைத் தளவாய் திருத்துவார், "கம்போ. அதாக்கும் பேரு."

அதோடு அவர் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் கடை வாசலில் ஒரு போர்டைத் தொங்கவிட்டார். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

"என்னத்துக்கு?" என்றாள் ஆவுடைத்தாய்.

"வெளிய சாப்பிடப் போறோம். நீயும் நானும்."

அவள் அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் செவ்வாய் கொல்லத்துக்குப் போனார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காயலோரக் கடையில், மசாலா தடவி இலையில் பொதிந்து சுட்ட கரிமீன் பொள்ளிச்சது வந்தது. தளவாய் வாழையிலையைப் பிரித்து முகர்ந்துவிட்டு, இது என்ன விறகு என்று கேட்க அடுப்படிப் பக்கம் எழுந்தார்.

"ஆறிரும். உக்காந்து தின்னுங்க மொதல்ல" என்றாள் ஆவுடைத்தாய், தன் மீனிலிருந்து முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டே.

அவர் உட்கார்ந்தார்.