எர்பியம் போடாத போத்தல்

மூன்று வருடமாக நான் அரைப்பது ஒரு வெள்ளைத் தூள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வாங்கி, பச்சை வெளிச்சமாகத் திருப்பித் தரும். அந்தப் பச்சையைச் சூரியக் கலத்திலுள்ள சிவப்புச் சாயம் குடித்து மின்சாரமாக்கும். தூள் இல்லாத கலம் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக்கினால், தூள் போட்டது ஏழாக்கியது. அந்த ஒன்றை நம்பித்தான் என் ஆய்வேடு. திங்கட்கிழமை அதைக் கையளித்தால் நோர்வேயில் மேல் ஆராய்ச்சிக்கு இடம் உறுதி. வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி ஃபிளட்ஸ் லிஃப்ட்டில் ஏறுகிற எல்லோருக்கும் அம்மா இதைச் சொல்லி முடித்துவிட்டார்.

வியாழக்கிழமை, கடைசிக் கலம் ஏழு தசம் இரண்டு காட்டியது. நான் துள்ளாத குறை. பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்கிற ஹட்டன்காரர் லோகேஸ்வரன் எட்டிப் பார்த்தார்.

“உஷாந்தி, நீங்க எடுத்தது என்னோட போத்தல். அதுல எர்பியம் போடல.”

நிறத்தை மாற்றுகிற சரக்கே எர்பியம்தான். விலை கூடியதென்று அதைச் சேர்க்காமல், உலையைப் பழக அவர் சுட்டுவைத்த தூள் இது. போத்தலில் பெயர் எழுதாததற்கு அவரை நன்றாக ஏசினேன். மனிதர் மன்னிப்புத்தான் கேட்டார். எனக்கு அதிலும் கோபம்.

பிறகு இரண்டு போத்தல்களிலும் அகச்சிவப்பு லேசரை அடித்தேன். என்னுடையது பச்சையாக ஒளிர்ந்தது. அவருடையது சும்மா கிடந்தது. வெள்ளியும் சனியும் இரண்டு தூளிலும் மும்மூன்று கலம் செய்து அளந்தேன். எல்லாம் ஏழுதான். தூள் வெளிச்சத்தை மாற்றியதால் மின்சாரம் கூடவில்லை. அதன் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடித்து, சாயத்துக்குள்ளேயே சுற்றவிட்டிருக்கின்றன. மூன்று வருடமும் தூள் போட்டதையும் போடாததையும் ஒப்பிட்டேனே தவிர, எர்பியம் இல்லாத தூளைப் போட்டுப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை. வெட்கமாக இருந்தது.

லோகேஸ்வரன் தன் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தான் யாருக்கும் சொல்லப்போவதில்லை என்றார். அவருக்கு நன்றி சொல்லவும் மனம் வந்தது, அந்தப் பூட்டை உடைக்கவும் மனம் வந்தது.

திங்கள் காலை சண்முகலிங்கம் சேரின் அறைக்குப் போனேன். என் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் அவர்.

“சேர், கூடினது உண்மை. ஏன் கூடினது எண்டு நான் எழுதினதுதான் பிழை.”

அவர் அளவுகளை இரண்டு தரம் வாசித்தார். திரும்ப எழுத ஆறு மாதமாகும், நோர்வே காத்திருக்காது என்றார். தெரியும் என்றேன்.

திரும்பி வந்து லோகேஸ்வரனிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். போத்தலை எடுத்து, அவருடைய பெயரையும் ‘எர்பியம் இல்லை’ என்பதையும் நானே எழுதி ஒட்டினேன். அதில் இன்னும் முப்பது கலம் செய்ய வேண்டும். அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு லிஃப்ட்டை விட்டுவிட்டு ஆறு மாடியும் படியேறித்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.