கைமாற்றிய மடிகள்

கல்முனைக் கடற்கரையில் நாங்கள் கரைவலை இழுக்கும் கரைத்துண்டான பாடும் கனகசிங்கத்தின் பாடும் அடுத்தடுத்து இருந்தன. என் புருசன் மீராசா மச்சானும் அவரும் சேர்ந்து போட்ட கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

வலையின் நுனியில் மீன் வந்து விழும் பைக்கு மடி என்று பேர். சின்னக் கண் மடி கட்டினால் குஞ்சு குருமான்கூடத் தப்பாது. குஞ்சுகள் வளரட்டும் என்று இருவரும் பெரிய கண் மடிக்கு மாறினார்கள். ஆனால் ஆசை யாரை விட்டது? ஆசை வந்தாலும் கட்ட முடியாதபடி ஒருவர் மடிக்கு மற்றவர் காவல், அடுத்தவர் மடியைக் கட்டுவதில்லை என்று பேச்சு; அதனால் எங்கள் சின்னக் கண் மடி அவர்கள் வீட்டுக்கும், அவர்களுடையது எங்கள் வீட்டுக்கும் வந்தன. ஊரே கேலி பண்ணியது. நானும்தான்.

எழுபத்தெட்டில் புயல் அடித்தது. கூரை போனது, தென்னை போனது, கடல் கலங்கிக் கிடந்தது. மற்றப் பாடுகளில் மிச்சமிருந்த குஞ்சுகளையும் வழித்து அள்ளினார்கள். எங்கள் வலை வெறுமையாக வந்தது. பிள்ளைகளின் பசியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மச்சான் பள்ளிவாசலுக்குப் போன நேரம், கனகசிங்கத்தின் மடியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களுடையதை வாங்கிவரப் புறப்பட்டேன்.

பாதி வழியில் கனகசிங்கத்தின் பெண்சாதி சாரதாதேவி எதிரே வந்தாள். அவள் தலையில் எங்கள் மடி.

"எங்க ஹாஜறா போறாய்?"

"நீங்க வாற அலுவலுக்குத்தான்."

அவள்தான் முதலில் சிரித்தாள். விழுந்து கிடந்த தென்னையில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தோம், பிறகு அழுதோம்.

"இவ்வளவு காலமும் விட்டதுகள நாமளே அள்ளுறதா?" என்றாள். "வீட்ட வா, மரவள்ளிக்கிழங்கு கிடக்கு."

கிழங்கோடும் அதே மடியோடும் வீடு திரும்பினேன்.

அடுத்த வருடம் எங்கள் இரண்டு பாடுகளிலும்தான் முதலில் பாரை மீன் பட்டது. "விதைநெல்ல நாம தின்னல்ல, அதான்" என்று மச்சான் பெரிய மனுசனாகக் கதைத்தார். நானும் சாரதாதேவியும் பாதி வழிக் கதையை எங்கள் புருசன்மாருக்குச் சொல்லவே இல்லை.

எண்பத்தைந்தில் வந்த தமிழ் முஸ்லிம் குழப்பத்தில் அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அம்மி, உரலை விட்டுவிட்டு எங்கள் மடியை லொறியில் ஏற்றியிருந்தாள் சாரதாதேவி.

"தந்துட்டுப் போங்களன்" என்றேன்.

"தந்தா நீ கட்டிருவாய்."

அவள் இல்லாத கடற்கரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவளுடைய மடி என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. வந்து கேட்கட்டும், கொடுக்க மாட்டேன்.