வெல்வெட் என்றால் சிவப்பு

என் அக்கா மகளுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், அவளைப் போலப் படிக்கிற குழந்தை அந்தத் தெருவிலேயே கிடையாது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் யாரையாவது நாலு அறை விடலாமா என்று வருகிறது. யாரை என்பதுதான் தெரியவில்லை.

அவளை நாங்கள் மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, காரம் பெரிசு. அப்போது ஐந்து வயது இன்னும் முடியவில்லை. அக்கா முன்பு ஒரு நர்சரிப் பள்ளியில் உதவி டீச்சராக இருந்தவள். மிளகு பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். அங்கே யாரும் காட்ட விடாத திறமையை எல்லாம் மகளிடம் காட்டினாள். அவள் கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆக, இரண்டே அறை, ஒரு தாய், ஒரு பிள்ளை, காலையிலிருந்து சாயங்காலம் வரை பாடம்.

பாடம் என்றால் அடியும் அதட்டலும் இல்லை. என் அக்கா அந்த விஷயத்தில் கெட்டிக்காரி, அதை மறைக்க மாட்டேன். பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு அலமாரி வைத்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. சின்னப் பொத்தான், பெரிய பொத்தான் என்று கிண்ணங்களில் பிரிக்கிற விளையாட்டு. தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவது. மரத்தை இழைக்கிற உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி, அட்டையில் ஒட்டி, அதன் மேல் விரலை ஓட்டிப் பழகுவது. மிளகு விரலை வைத்த மாத்திரத்தில் எழுத்தைச் சொல்லிவிடுவாள்.

நிறப் பாடத்துக்குத் துணி கொடுத்தவள் நான். திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிற கடையில் எனக்கு வேலை. வெட்டி மிஞ்சின துண்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்து கொட்டுவேன். அக்கா அதில் பொறுக்கி எடுத்துச் சதுரமாக நறுக்கினாள். சிவப்புக்கு வெல்வெட், நீலத்துக்கு ஜீன்ஸ் துணி, மஞ்சளுக்குத் துவாலை, பச்சைக்கு வழுக்குகிற சாட்டின். கலைத்துப் போட்டால் மிளகு பாட்டு பாடிக்கொண்டே நாலு அடுக்காக அடுக்கி முடித்துவிடுவாள்.

புத்தகத்துக்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒன்று முழுக்க வராமல் அடுத்ததைத் தொடக் கூடாது. பிள்ளையை மடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை நகர்த்திக்கொண்டே வாசிப்பாள். திரும்பத் திரும்ப அதையே வாசிப்பாள். அக்கா பாதி வரி சொன்னால் மீதியை மிளகு முடிப்பாள். பிறகு ஒரு நாள் புத்தகத்தைத் தனியே பிடித்துக்கொண்டு, கரடிக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல் என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவாள். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்புவாள். அண்டை வீட்டுப் பெண்கள் வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கீழ் வீட்டுக்காரி ஒருத்தி, "என் கண்ணே பட்டுடும் போலிருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். தன் பிள்ளையின் மண்டையில் அங்கேயே ஒரு குட்டும் வைப்பாள்.

அன்றைக்கு அக்காவுக்குப் பல்வலி. டாக்டரிடம் போய் வருகிற வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். கடையில் ஒரே பருத்தித் துணியில் பல நிறம் வந்திருந்தது. அதில் துண்டுகள் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வந்து பார்த்தால் மகிழ்வாள் என்று நினைப்பு.

"மிளகு, சித்தி புதுசா கலர் கொண்டாந்திருக்கேன். பிரிச்சு வை பார்ப்போம்."

அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒரே அடுக்காக அடுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முடிஞ்சுது சித்தி. எல்லாம் ஒண்ணுதான்."

"என்னடி ஒண்ணுதான்? விளையாடறியா? இது என்ன கலர், சொல்லு." அவள் கையில் இருந்தது பளீரென்ற சிவப்பு.

அவள் மறுபடி தேய்த்தாள். "இது புதுசு. அம்மா இன்னும் சொல்லிக் குடுக்கலையே."

 சும்மா இருக்க முடியாமல் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, விரித்து, தலைகீழாக அவள் கையில் கொடுத்தேன். முதுகில் துணி ஒட்டிய புத்தகம் அது. அவள் முதுகைத் தடவினாள், முகம் மலர்ந்தது, முதல் வரியிலிருந்து கணீரென்று வாசிக்க ஆரம்பித்தாள். கரடி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். பிஸ்கட் என்றால் உயிரை விடுகிற பிள்ளை. அதற்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தபடி அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள்.

அக்கா கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் சொன்னேன்.

"அக்கா, பிள்ளைக்குக் கண்ணு தெரியல."

"உனக்குப் புத்தி தெரியல" என்றாள் அவள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "உன்கிட்ட வம்பு பண்ணியிருக்கா. பழக்கமில்லாததைக் குடுத்தா அப்படித்தான் பண்ணுவா. இப்பப் பாரு."

பழைய துணிகளைக் கொட்டினாள். மிளகு பாட்டோடு நாலு அடுக்கு அடுக்கினாள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அவ தொட்டுப் பார்த்துச் சொல்றாக்கா. வெல்வெட்டுன்னா சிவப்புன்னு படிச்சு வெச்சிருக்கா. வீட்டுல எல்லாம் வெச்ச இடத்துல இருக்கு, அதான் முட்டிக்காம நடக்கறா. தெருவுல உன் கையை விடறாளா?"

"அவ பயந்தாங்கொள்ளி. அதுக்கு என்ன இப்போ?"

"கண்ணு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டேன். காசா கேக்கறேன் உன்னை?"

அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். "பெத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும். உனக்கு ஒண்ணு இருந்திருந்தா இப்படி அடுத்தவ பிள்ளையை நொட்டை சொல்ல மாட்டே."

எனக்கும் வாய் நீளம்தான். பதிலுக்கு நானும் கொட்டினேன். நீ பிள்ளை வளர்க்கலை, பொம்மை வெச்சு வித்தை காட்டறே என்றேன். ரெண்டு பேரும் அழுதோம். மிளகு மூலையில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் நூலகத்தில் தாய்மார்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. வீட்டில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அக்கா பேச வேண்டும், மிளகு வாசித்துக் காட்ட வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அது முடியட்டும், அப்புறம் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் வருகிறேன், டாக்டரே உன் மூக்கை உடைக்கட்டும் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை விடிந்ததும் விடியாததுமாகப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளையை நீ அழைத்து வருகிறாயா, நான் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டேன். மானம் போகிறதே என்றுதான் அவள் கிளம்பினாள்.

கிளம்பினாள் என்றால், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. பிள்ளைக்குப் புதுச் சட்டை, தலைக்கு ரிப்பன், தோளில் பை நிறையப் புத்தகம். வழியெல்லாம் பிள்ளையோடு எனக்கு முன்னாலேயே நடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் திரும்பி, "இதுக்கப்புறம் என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றாள். சரி என்றேன். நான் சொன்னது பொய்யாகப் போய், அவள் வாசப்படியை நான் ஆயுசுக்கும் மிதிக்காமல் இருந்தால் போதும் என்றுதான் அப்போது வேண்டிக்கொண்டேன்.

முதல் அறையில் ஒரு இளைஞர் பார்வை சோதித்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் வெளிச்சப் பலகை, அதில் மேலே பெரிசாகவும் கீழே போகப் போகச் சின்னதாகவும் எழுத்துகள். மிளகை நாற்காலியில் உட்காரவைத்து, "மேல என்ன எழுத்து இருக்கு, சொல்லு தங்கம்" என்றார்.

மிளகு புன்னகையோடு இருந்தாள். அவர் மறுபடி கேட்டார். அவள் கை காற்றில் துழாவி அம்மாவின் சேலையைப் பிடித்தது.

"அம்மா இதைப் படிச்சுக் காட்டலை" என்றாள்.

"புது இடம், கூச்சப்படறா" என்று அக்கா அவசரமாகச் சொன்னாள். பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இதைக் கேளுங்க சார். இதை வாசிப்பா."

மிளகு வாசித்தாள். அந்த இளைஞர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து மெதுவாக இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். அவள் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள். அவர் புத்தகத்தை வாங்கி மூடி, "உள்ள டாக்டரைப் பாருங்கம்மா" என்றார். அக்காவின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

டாக்டர் வயதான அம்மா. மருந்து ஊற்றி, காத்திருக்கவைத்து, இருட்டில் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பிள்ளையை வெளியே பெஞ்சில் நர்ஸோடு உட்காரவைக்கச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார்.

"கண்ணுக்குள்ளயே ஒரு வீக்கம் ரொம்ப நாளா ஓடிட்டு இருந்திருக்கு. வெளியே சிவக்காது, வலிக்காது. அதுல உள் அழுத்தம் ஏறி ரெண்டு கண்ணுலயும் நரம்பு வாடிப்போச்சு. இப்போ அவளுக்கு வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். அதைக் காப்பாத்தப் பார்க்கலாம். போனது வராது."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போன வருஷம் வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம்." அவர் அக்காவைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை, நிஜமாகவே புரியாத பார்வை. "சின்னப் பிள்ளைங்க தெரியலைன்னு சொல்லாதும்மா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கும். ஆனா பாடத்துல தடுமாறும், படத்தைக் காட்டினா முழிக்கும். அதுலதான் பெத்தவங்க கண்டுபிடிப்பாங்க. உங்க பொண்ணு தடுமாறவே இல்லையா?"

"இல்லை டாக்டர்" என்றாள் அக்கா. "ஒரு எழுத்துகூடத் தடுமாறலை."

அவள் சொன்ன விதத்தில் என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வாசலில் அவளைக் கிழித்துத் தோரணம் கட்ட வேண்டும் என்று என்னென்ன வைத்திருந்தேனோ, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் கையைப் பிடித்தேன். 

வெளியே பெஞ்சில் மிளகு அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் மருந்து எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் தப்பா பண்ணிட்டேன். அந்தச் சார் கேட்டதுக்குச் சொல்லலை. அம்மாக்குக் கோவம்."

"அம்மாக்குக் கோவம் இல்லடா" என்றேன்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு நீ சொல்லிக் குடும்மா. ஒரே ஒரு தடவை. நான் கரெக்டா சொல்லிடறேன்."

முதல் அறையின் கதவு திறந்திருந்தது, அக்கா நின்ற இடத்திலிருந்து பலகை தெரிந்தது. வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "மேல ட. அதுக்குக் கீழ ப, ம. அதுக்குக் கீழ ய, ர, ல" என்று ஆரம்பித்தாள். பாதி வரி அவள் சொல்ல, மீதியை மிளகு முடித்தாள். கடைசி வரிவரைக்கும் போய், மறுபடி மேலே வந்தார்கள். அக்காவின் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

மிளகு மடியிலிருந்து இறங்கினாள். சுவரைத் தடவிக்கொண்டு, கதவு நிலையைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். அந்த இளைஞர் வேறு யாருக்கோ கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சார், இப்போ எனக்குத் தெரியும்" என்றாள். கைகளைக் கட்டி நிமிர்ந்து நின்று, பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை. அவள் நின்றது மருந்து அலமாரியைப் பார்த்து. பலகை அவளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.