மிக்ஸிப் போரின் காரணங்கள்

வரலாறு என்றால் தேதிகளை மனப்பாடம் செய்வது என்று எவன் கிளப்பி விட்டானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. என் டியூஷனில் தேதி கடைசியில்தான் வரும். முதலில் சண்டை. யார் பக்கம் நியாயம் என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். யாரும் யாரையும் மறுத்துப் பேசலாம், ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார்.

நால்வரில் மூவர் பள்ளிப் பிள்ளைகள். நான்காவது ஆள் என் அண்ணி. முப்பத்தாறு வயதில் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறார். மற்றதெல்லாம் தேறியாகிவிட்டது, வரலாறு ஒன்றுதான் பாக்கி. மழலையர் பள்ளியில் ஆயா வேலை பார்க்கிறார். தேறிவிட்டால் அங்கேயே டீச்சர். தவறவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

வாதத்தில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ராஜாக்களைப் பிரித்து மேய்ந்துவிடுவார். ஆனால் அம்மா அந்தப் பக்கம் வந்தால் போதும், பெட்டிப் பாம்பு. தேர்வு நாளான புதன்கிழமை காலைக்கே அம்மா கண் டாக்டரிடம் நேரம் வாங்கினார். "மருமகதான் கூட வரணும்" என்று சொல்லியும் விட்டார். அண்ணி தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரப் பாடம், ஒரு பாலத்துக்காக இரண்டு நாடுகள் மூன்றாண்டு அடித்துக்கொண்ட கதை. பிள்ளைகளில் ஒருவன், எங்கள் சோடாபுட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டான்.

"அக்கா, உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம், ரெண்டும் ஒண்ணுதானே?"

"எங்க வீட்டுல அம்மாவும் அண்ணியும் போட்ட மிக்ஸி சண்டையை எடுத்துக்கோ. அண்ணி மூடியை உடைச்சது உடனடிக் காரணம். ஒரு மூடிக்காக யாராவது மூணு நாள் பேசாம இருப்பாங்களா? அப்ப அடியில வேற ஏதோ இருக்குல்ல?"

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அன்று பாலத்தை யாரும் சீண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு வைத்தேன். தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டு வந்தேன். திரும்பினால், அம்மா மூக்குக்கண்ணாடியுடன் அண்ணியின் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பாலம் ஒழுங்காகத்தான் இருந்தது. எழுதுகிற வேகத்தில் இரண்டாம் பக்கம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்திருந்தது.

'அடிப்படைக் காரணங்கள்: ஒன்று, அத்தை தமது ஆட்சிப்பகுதியில் பிறர் கரண்டி எடுப்பதை அனுமதிக்கவில்லை. இரண்டு, சமாதானத் தூதராகச் சென்ற கணவர் இரு தரப்புக்கும் தலையாட்டினார்.'

"இதெல்லாம் உண்மையாடி?" அம்மா என்னைக் கேட்டார்.

அதற்குள் அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். கை ஈரம் கூடத் துடைக்கவில்லை.

"உண்மைதான் அத்தை. மூணாவதை எழுதாம விட்டுட்டேன்."

"அது என்ன?"

"பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கறப்ப கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்தீங்க. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்னு சொன்னீங்க. பதினெட்டு வருஷம் ஆச்சு."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

அண்ணி அம்மாவை நேராகப் பார்த்தார். தலை குனியவில்லை. இந்த வீட்டில் அப்படி நின்று அவரை நான் பார்த்ததே இல்லை.

அம்மா தாளை மேசைமேல் வைத்தார். சுருங்கியிருந்த ஓரத்தை விரலால் நீவினார்.

"சொன்னேன்" என்றார்.

பிறகு போனை எடுத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அடித்தார். அவர்கள் என்ன கேட்டார்களோ, அம்மாவின் குரல் வீடு அதிர உயர்ந்தது.

"புதன்கிழமை முடியாதும்மா. எங்க மருமகளுக்குப் பரீட்சை."