முத்திரையை யார் மாற்றுவது

கான்ஃபரன்ஸ் காலில் மேனேஜர் மியூட் பொத்தானை அமுக்கிக்கொண்டு, “தப்பு அவங்களோடதுன்னு சொல்லு, வேற எதுவும் சொல்லாதே” என்றார். ஆபீசில் அவருக்கு ஊமைச்சாமி என்று பெயர். வாடிக்கையாளர் காதில் விழாதபோது மட்டும் வண்டி வண்டியாகப் பேசுவார்.

நெட்வொர்க் பார்க்கும் அவளுக்குக் காலையிலிருந்து இதே கூத்து. பெரிய ஆஸ்பத்திரி ஒரு சின்ன ஆஸ்பத்திரியை வாங்கிவிட்டது. சின்னதுக்கு இணைப்புக் கொடுப்பது இவள் கம்பெனி, பெரியதுக்கு எதிர்க் கம்பெனி. இரண்டு தனி நெட்வொர்க்கையும் எல்லையில் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. முடியவில்லை. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர் சின்ன ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தலை ஸ்கேன் எடுத்தாயிற்று, படம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. செல்போனில் பிடித்து அனுப்பியதைப் பார்த்த அங்கத்திய டாக்டர், இதை நம்பி மண்டையைத் திறக்க முடியாது, அசைத்துக் கூட்டிவரவும் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

இரண்டு ஆஸ்பத்திரியும் இருந்த லைனில் எதிர்க் கம்பெனிக்காகப் பேசியது அவளுடைய அக்கா புருஷன். போன வருஷம் இதே மேனேஜரோடு மல்லுக்கட்டி வெளியேறியவர். அவர் நாற்காலியில் இவள் உட்கார்ந்ததிலிருந்து அவர் வீட்டில் இவளுக்குத் தண்ணீர்கூட நீட்டுவதில்லை. லைனில் இருவரும் ‘சார்’, ‘மேடம்’.

கோளாறு என்னவென்று இருவருக்குமே தெரிந்துவிட்டிருந்தது. எந்த ஆஸ்பத்திரிக்கு எது வழி என்ற தகவலோடு ஓர் எண் முத்திரை போகும். ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு முத்திரை. எல்லையில் யாராவது ஒருவர் மாற்ற வேண்டும். வாங்குகிறவர்கள் மாற்றுவதாகப் பேச்சு. எதிராளியை நம்பாமல் இவள் அனுப்பும்போதே மாற்றிவிட்டாள். தங்கள் முத்திரையோடு வெளியிலிருந்து வருவதை அவர்கள் ரௌட்டர் திருட்டுச் சரக்கென்று குப்பையில் போட்டது. தப்பை ஒப்புக்கொள்ள மேனேஜர் விடவில்லை. சத்தம் போடாமல் தன் மாற்றத்தை எடுத்தாள். அதே சமயம் அக்கா புருஷனும் வீம்புக்கு, இவள் முத்திரை மாற்றித்தான் அனுப்புவாள் என்று, மாறி வருவதை மட்டும் ஏற்கும்படி தன் பக்கத்தைத் திருத்திவிட்டார். மறுபடி குப்பை.

“எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்.”

அந்த ‘மேடம்’ அவளைச் சுட்டது. ஆள் சாகக் கிடக்கிறான், இங்கே முறுக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது. மேனேஜரின் கையைத் தட்டிவிட்டு மியூட்டை எடுத்தாள்.

“அத்தான், தப்பு என்னுது. பேசினபடி இல்லாம நான் மாத்தி அனுப்பினேன். இப்ப எடுத்துட்டேன். இனி நான் கைய வைக்க மாட்டேன். நீங்க பழையபடி போடுங்க.”

“மேடம், கால் ரெக்கார்டு ஆகுது” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

“ஆகட்டும். உங்க ரோஷத்த அக்காகிட்ட வச்சுக்கோங்க. போடுங்க.”

மேனேஜர் எழுந்து நின்று, நாளைக்கு நீ இங்கே இருக்கமாட்டாய் என்றார். வாடிக்கையாளர் கேட்க அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம்; பிறகு அதுவும் நின்றது.

“வருது டாக்டர்” என்றது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல்.

“எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க” என்றார் டாக்டர்.

ஸ்பீக்கரில் அவருடைய மவுஸ் சக்கரம் மட்டும் கேட்டது. டிக், டிக் என்று ஒவ்வொரு படமாக உருண்டது. ஓரிடத்தில் நின்றது. இரண்டு படம் பின்னால் போய், மறுபடி அங்கேயே வந்து நின்றது.