உறுதிப் பொத்தான்

ஆய்வு நெறியாளருக்குத் துறையில் வைத்திருந்த பெயர் சிவப்பு மை. மாணவர்கள் எழுதிக்கொண்டு போகிற எதையும் அந்த மனிதர் சும்மா விடமாட்டார். வாக்கியத்தை அடிப்பார், அதன் தலைமேல் தன் வாக்கியத்தை எழுதுவார், பக்கம் ரத்தக்களரியாகத் திரும்பி வரும். "உன் எழுத்துல உயிரே இல்லம்மா" என்பார். அவர் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்து கொண்டுபோனால்தான் அடுத்த அத்தியாயத்தைத் தொடுவார். வத்திக்குச்சியும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத்தான் செய்தாள். வத்திக்குச்சி என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். ஒல்லி என்பதற்காக மட்டும் வைத்ததில்லை.

அவள் எடுத்திருந்த ஆய்வு, செயற்கை நுண்ணறிவின் அறவியல். ஒருவருக்கு வேலை கிடையாது என்று இயந்திரம் சொல்கிறது. அதற்கு மேலே ஒரு மனிதரை உட்காரவைத்து, நீ சரிபார்த்துச் சொல் என்கிறார்கள். அந்த மனிதர் நிஜமாகவே பார்க்கிறாரா, இல்லை, பழியைப் போட ஒரு தலை வேண்டுமே என்று உட்காரவைத்திருக்கிறார்களா? இதுதான் அவளுடைய கேள்வி. நல்ல பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட வந்தவள் அவள்.

அவளுடைய ஆய்வேட்டைத்தான் மெஷின் எழுதியது என்று மெஷினே சொல்லிவிட்டது.

ஆய்வேடுகளைச் சோதிக்க ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அது நான்காம் அத்தியாயத்தில் சில பத்திகளுக்கு மஞ்சள் பூசி, இதை மனிதர் எழுதவில்லை என்றது. மென்பொருள் சொன்னால் மட்டும் போதாது, நெறியாளர் அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்து 'உறுதி' என்ற பொத்தானை அழுத்தினால்தான் குற்றம் நிற்கும் என்பது விதி. அந்த விதியைக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக் கொண்டுவந்தவரே சிவப்பு மைதான். பொத்தானை அழுத்தியவரும் அவரேதான். விசாரணைக் குழு கூடி ஆமாம் என்றால் அவளுடைய பதிவு ரத்து. திரும்பச் சேரவும் முடியாது.

மஞ்சள் பூசிய பத்திகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அத்தனையும் அவர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தவை. ஒரு வரிகூட அவளுடையது இல்லை. அந்தத் தாள்களை அன்றன்றைக்கே கிழித்துக் குப்பையில் போட்டவளும் அவள்தான். அவர் எழுத்தை வீட்டில் வைத்திருக்கக்கூடப் பிடிக்கவில்லை.

அவருடைய அறைக்குப் போனாள். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சார், அந்தப் பத்திங்களை நீங்க ஒரு தடவை படிச்சீங்கன்னா..."

"படிக்காமயா முடிவு பண்ணுவேன்? எனக்கே பாடம் எடுக்கறியா?"

"இல்ல சார், அது வந்து..."

"எது பேசறதா இருந்தாலும் குழுவுல பேசிக்க. கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்தினாள். சுவரில் காரை உதிர்கிற மாதிரிச் சாத்தினாள்.

வீட்டில் அண்ணி அதற்கு மேல். அவள் வேலையை விட்ட நாளிலிருந்தே அண்ணிக்கு இந்தப் படிப்பு கண்ணில் விழுந்த தூசி. "மெஷினுக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்கப் போறேன்னு போனா. இப்ப மெஷின் இவ ஒழுக்கத்தைக் கேக்குது" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"நான் எழுதல அண்ணி. மெஷினும் எழுதல. அந்த ஆளு எழுதினது."

"அதைச் சொல்லித் தொலையேன்."

"சொன்னா, ஊரான் எழுத்தை என் எழுத்துன்னு குடுத்தேன்னு அதுக்கும் என்னையத்தான் பிடிப்பாங்க."

அண்ணி பாத்திரத்தைத் திரும்ப எடுத்துத் தேய்த்தாள். அண்ணன் மட்டும், "எந்தப் பக்கம் போனாலும் அடின்னா, அவனையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போ" என்றான். ஆறுதல் என்று அந்த வீட்டில் கிடைத்தது அவ்வளவுதான்.

குழு துறைத்தலைவியின் அறையில் கூடியது. தலைவியும், வெளியிலிருந்து வரவழைத்த ஒரு வக்கீலும், சிவப்பு மையும். எதிரே கைப்பிடி இல்லாத நாற்காலியில் வத்திக்குச்சி. குற்றம் சொன்னவரே தீர்ப்புச் சொல்லவும் உட்கார்ந்திருக்கிறாரே என்று அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அறவியல் துறை!

"உங்க பக்கத்து விளக்கம் என்ன?" என்றார் தலைவி.

"அந்தப் பத்தியைச் சாரையே வாசிக்கச் சொல்லுங்க மேடம். வாசிச்சிட்டு, இது மனுசன் எழுத்தான்னு அவரே சொல்லட்டும்."

"இது என்ன நாடகம்?" என்று எகிறினார் சிவப்பு மை.

"வாசிங்களேன் சார், என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார் வக்கீல். அவருக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது.

வேண்டாவெறுப்பாகத் தாளை இழுத்து வாசித்தார். "இயந்திரம் முடிவெடுப்பதில்லை. முடிவெடுப்பது போன்ற தோற்றத்தை மட்டுமே அது தருகிறது. தோற்றத்துக்குப் பின்னால் இருப்பது பொறுப்பு. பொறுப்புக்குப் பின்னால் இருப்பவன்..."

அங்கே குரல் இறங்கியது. அவருக்குத் தெரிந்துவிட்டது. தான் பெற்ற பிள்ளையை அடுத்தவன் வீட்டு வாசலில் பார்த்தவர் போல விழித்தார். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"யாரோட எழுத்து சார்?" என்றாள்.

அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கொஞ்சமாவது வெட்கம் இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார். "மெஷின் எழுதினதுதான். மனுசன் எழுதினா இப்படி இருக்காது" என்றார்.

அவள் எதிர்பார்க்கவில்லை. தன் எழுத்தையே தெரியாது என்று ஒருவர் கைகழுவுவார் என்று அவளுடைய எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி சார், ஒத்துக்கறேன். அப்ப சாரோட புத்தகத்தையும் இதே மெஷின்ல போட்டுப் பாத்துடலாம் மேடம். துறை இணையதளத்துல முழுசா இருக்கு. இதே நடைதான், அதையும் மெஷின் எழுதினதுன்னு சொல்லுதான்னு பாப்போம்."

"போடலாமே" என்று தலைவி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அவருக்கும் அந்த ஆள்மேல் பழைய கணக்கு ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"வேணாம்." சிவப்பு மையின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் சார்?"

"வேணாம்னா விடுங்க. அந்தப் பத்திங்க நான் திருத்திக் குடுத்தது. நான்தான் எழுதினேன்."

வக்கீல் முன்னால் சாய்ந்தார். "அப்ப உறுதின்னு அழுத்தினப்ப அது உங்களுக்குத் தெரியலையா?"

சிவப்பு மை தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"படிச்சீங்களா சார்?" என்றாள் வத்திக்குச்சி.

"நிறைய வந்திருந்துச்சு... மெஷின் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு..."

"படிச்சீங்களா?"

"படிக்கல."

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வருடக்கணக்காக அவள் ஆதாரம் தேடி அலைந்த வாக்கியம் அது. அதை இவர் வாயிலிருந்து, தன் கழுத்துக்குக் கத்தி வந்த பிறகு பிடுங்க வேண்டியிருந்ததே என்றுதான் ஆத்திரம் பொங்கியது.

குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார்கள். மஞ்சள் பத்திகளை நீக்கிவிட்டு அந்த இடங்களை அவளே புதிதாக எழுத வேண்டும் என்றார் வக்கீல். வேறு நெறியாளரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தலைவி. சிவப்பு மையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நடைபாதையில் அவர் பின்னாலேயே வந்தார். "உனக்கு இனிமே எவன் கையெழுத்துப் போடறான்னு பாத்துடறேன்டி."

"யார் போட்டாலும் சரி சார். படிச்சிட்டுப் போட்டாப் போதும்."

கணினி அறையில் மூலையில் ஒன்றுதான் காலியாக இருந்தது. உட்கார்ந்து நான்காம் அத்தியாயத்தைத் திறந்தாள். மஞ்சள் பத்திகளை ஒவ்வொன்றாக அழித்தாள். வெறும் இடத்தில் வெகுநேரம் கழித்து, அவர் பார்த்தால் உயிரில்லை என்று அடித்திருக்கக்கூடிய ஒரு வரியைத் தட்டினாள்: 'இந்த அத்தியாயத்தைச் சரிபார்க்க வைக்கப்பட்ட மனிதர் இதைப் படிக்கவில்லை.'